தெற்குப் பார்த்த நீச்சல்

தம்பி நூம்பலில் வீடு கட்டியபோது பின்பக்கம் ஒரு நீச்சல் குளமும் கட்டினான். அந்த வீட்டில் யாருக்கும் நீச்சல் தெரியாது. தம்பிக்கு ஷவரில் முகம் நனைந்தாலே மூச்சு முட்டும். ஆனாலும் குளம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். அவனோடு ஐடி கம்பெனியில் வேலை பார்த்து வெளிநாடு போன எவனோ ஒருவன், தன் வீட்டுக் குளத்தோரம் சாய்ந்தபடி படம் போட்டிருந்தானாம். அதற்கு இவன் பதில் சொல்ல வேண்டுமே.

குளம் என்று நாங்களாகச் சொல்லிக்கொள்வதுதான். தண்ணீர் வடகிழக்கு மூலையில்தான் இருக்க வேண்டும் என்று வாஸ்து சொல்கிறது. அந்த மூலையை ஏற்கெனவே போர்வெல்லும், தரைக்கடியில் லாரித் தண்ணீரைச் சேர்க்கும் சம்ப்பும் பிடித்துக்கொண்டன. மிச்சமிருந்த இடத்தில் வடக்கு தெற்காகத் தோண்டினார்கள். நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும். நீல டைல்ஸ் ஒட்டி, உள்ளே விளக்குப் போட்டு, தம்பி விளிம்பில் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டு ஒரு படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தான். அதோடு அந்தக் குளம் கட்டிய வேலை முடிந்தது. அப்புறம் பக்கத்து வீட்டு முருங்கை மரம் அதில் இலையையும் பூவையும் கொட்டிக்கொண்டிருந்தது. லாரித் தண்ணீர் வரத் தாமதமானால் அதிலிருந்து வாளியில் மொண்டு பாத்ரூமுக்கு ஊற்றினார்கள்.

நான் அந்த வீட்டு மாடியில் ஓர் அறையில் இருக்கிறேன். கணவர் இறந்த பிறகு மேனாம்பேட்டில் நாங்கள் குடியிருந்த ஃப்ளாட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்தேன். தம்பிதான் கூப்பிட்டான். நல்லவன். ஆனால் அந்த வீட்டில் முடிவெடுப்பது அவன் இல்லை, அவனுடைய மாமனார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிரகப்பிரவேசத்துக்கு ஒரு பெட்டியோடு வந்தவர், அந்தப் பெட்டியை இன்னும் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை. அடுப்பு எந்தப் பக்கம், பீரோ எந்தப் பக்கம், செருப்பு எந்தப் பக்கம் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு திசை உண்டு. பூஜை அறையிலும் கழிவறையிலும் ஒரே கம்பீரத்தோடு போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். மனதுக்குள் வேறு மாதிரி கூப்பிடுவேன்.

முட்டி வலிக்காக நீச்சல் கற்றுக்கொண்டவள் நான். நாற்பதைத் தாண்டிய பிறகு, ஒரு பொது நீச்சல் குளத்தில் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரத்தில், என்னைப் போன்ற பருத்த பெண்களோடு சேர்ந்து கற்றுக்கொண்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் பிரிவில் வேலை. அங்கே லிஃப்டுக்குள் ஒரு நாள் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். ட்ரையத்லான். முதலில் கடலில் நீச்சல், அப்புறம் சைக்கிள், அப்புறம் ஓட்டம். கம்பெனி ஊழியர்கள் பெருமளவில் கலந்துகொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்த என்னிடம் எச்ஆர் பெண் இனிமையாகச் சொன்னாள்.

"மேடம், நீங்க வாலன்டியரா வாங்களேன். ஓடி வர்றவங்களுக்கு வாழைப்பழம் குடுக்கலாம்."

வாழைப்பழம்! அவளைவிட நான் வேகமாக நடப்பேன். வீட்டிலிருந்து வேலப்பன்சாவடி வழியாகத் தினமும் எஸ்டேட்டுக்கு சைக்கிளில் வருகிறவள் நான். அவள் கீழ்த்தளத்திலிருந்து முதல் மாடிக்கு லிஃப்டில் போகிறவள். அன்று மதியமே பெயர் கொடுத்தேன். மிகச் சிறிய பிரிவுதான், நீச்சல் முக்கால் கிலோமீட்டர். ஆனாலும் பெயர் கொடுத்தேன்.

பெயர் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கப்பட்டோம். அதில் என்ன இருந்தது என்கிறீர்கள்? கைக்கடிகாரத்தின் படம். இன்னொருவரின் இன்னும் பெரிய கைக்கடிகாரத்தின் படம். புரோட்டீன் பவுடர் டப்பா. நெஞ்சுத் துடிப்பின் வரைபடம். யாரும் தண்ணீரில் இறங்கியதாகத் தெரியவில்லை. தண்ணீரில் இறங்குவதற்கு என்னென்ன வாங்க வேண்டும் என்றுதான் மூன்று வாரம் பேசினார்கள்.

நான் எதையும் வாங்கவில்லை. தம்பியின் குளத்தில் இறங்கினேன். முருங்கை இலைகளை வலையால் வாரிக் கொட்டிவிட்டு நீந்திப் பார்த்தால், கையை நீட்டுவதற்குள் சுவர், திரும்பினால் அந்தப் பக்கத்துச் சுவர். நீந்துவதைவிடத் திரும்புவதே பெரிய வேலையாக இருந்தது. அப்போதுதான் யாரோ சொன்ன யோசனை ஞாபகம் வந்தது. இடுப்பில் ஒரு பட்டை, பட்டையிலிருந்து ரப்பர் கயிறு, கயிற்றின் மறுமுனை சுவரில். எவ்வளவு கை போட்டாலும் அதே இடத்தில்தான் இருப்போம். முன்னால் இழுப்பது நாம், பின்னால் இழுப்பது கயிறு. பழைய சைக்கிள் ட்யூப் இரண்டை முடிச்சுப் போட்டு, கம்பெனியில் பெட்டி கட்டும் நைலான் பட்டையோடு சேர்த்துக் கட்டினேன். தெற்குச் சுவரில் ஒரு கொக்கி ஏற்கெனவே இருந்தது. அதில் மாட்டிவிட்டு வடக்கே பார்த்து நீந்த ஆரம்பித்தேன்.

முதல் நாளே மாமா காபி டம்ளரோடு பின்வாசல் படிக்கு வந்தார். அடுத்த நொடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கத்தினார்.

"ஏம்மா! என்ன காரியம் பண்றே! வடக்க தலைய வச்சுப் படுத்திருக்கியே!"

நான் தலையைத் தூக்கினேன். "மாமா, நான் படுக்கலை. நீந்தறேன்."

"ஒடம்பு படுக்கையாத்தானே கெடக்கு? ஓடிட்டிருந்தா பரவால்ல. நீ நகரவே இல்லையே! மணிக்கணக்கா ஒரே எடத்துல, தலை வடக்க."

அன்று மாலை அவருடைய வாஸ்து நிபுணருக்கு போன் போட்டார்கள். ஒரு வளர்ந்த மனிதர், வங்கியில் மற்றவர்களின் பணத்தை முப்பது வருடம் பார்த்துக்கொண்டவர், ஸ்பீக்கரில் போட்டு மிகவும் பணிவாகக் கேட்கிறார்: குப்புறக் கிடந்தாலும் அந்த விதி உண்டா, தண்ணீரில் கிடந்தால் உண்டா என்று. உண்டு என்று தீர்ப்பு வந்தது. தலை தெற்கே இருந்தால் உத்தமமாம். தம்பி மாடிக்கு வந்தான்.

"அக்கா, வுடுக்கா. அவரு இன்னா பெருசா கேட்டுட்டாரு? கொக்கிய வடக்குச் சுவத்துல மாத்திக்கோ. நீ எந்தப் பக்கம் நீந்துனா இன்னா, எப்படியும் எங்கயும் போவப் போறதில்ல."

மாற்றிக்கொண்டேன். சண்டை போட்டிருக்கலாம். அந்த மனிதர் சொல்லும் எதையும் நான் மதித்ததில்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு வாய் வராது. அதன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மேனாம்பேடு ஃப்ளாட்டில் படுக்கையறை தீப்பெட்டி மாதிரி இருக்கும். ஒரு பக்கம் பீரோ, ஒரு பக்கம் பாத்ரூம் கதவு. கட்டிலை ஒரே ஒரு விதமாகத்தான் போட முடியும், தலைமாடு வடக்கே வரும்படி. அப்படித்தான் நானும் கணவரும் வருடக்கணக்கில் தூங்கினோம். ஒரு நாள் காலையில் நான் எழுந்தேன், அவர் எழவில்லை. மல்லாந்து படுத்திருந்தார், ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எழுப்புவதற்காகத் தோளைத் தொட்டேன். இதயம் தூக்கத்திலேயே நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இந்த மாமா வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, உறவுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்த ஹாலில் இருந்து எழுந்து போய்ப் படுக்கையறையை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, யாரிடமோ சொல்வதுபோல எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"வடக்க தலைய வச்சுத்தானே படுத்திருக்காங்க. பொணத்தைத்தான் அப்படி வைப்பாங்க. ரத்தத்துல இரும்பு இருக்கில்லையா, பூமியோட காந்தம் இழுத்துடும். வீட்ல பொம்பளைதானே இதெல்லாம் பாத்துக்கணும்."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் தம்பியும் சொல்லவில்லை. ஜிலேபி பரிமாறிக்கொண்டிருந்த பெண்கூட என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அது முட்டாள்தனம் என்று எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனி யார்டில் டன் கணக்கில் இரும்பு கிடக்கிறது, ஒரு போல்ட்கூட வடக்கே நகர்ந்ததில்லை. அப்படியும் அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பீரோவை ஹாலில் போட்டிருந்தால் கட்டிலைத் திருப்பியிருக்கலாம் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அளந்துகூடப் பார்த்தேன், திருப்பியிருக்க முடியும். நூம்பல் வீட்டு மாடியில் என் கட்டிலைத் தெற்கே தலைமாடாக மாமா போடச் சொன்னபோது பேசாமல் இருந்தேன். வெளியூர் போனால் லாட்ஜ் அறையில் யாருக்கும் தெரியாமல் திசை பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். அவரை நான் எவ்வளவு அற்பமாக நினைத்தேனோ, அவர் பேச்சுக்குப் பயந்த என்னை அதைவிட அற்பமாக நினைத்தேன்.

ஆக, வடக்குச் சுவரில் கட்டப்பட்டு, தெற்கே பார்த்துக் கை போட்டேன். மாதக்கணக்கில் அதுதான் பயிற்சி. இடது பக்கம் கிழக்கு. காம்பவுண்டு சுவருக்கு மேலே காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். அதனால் வலது பக்கம் மட்டுமே தலையைத் திருப்பி மூச்செடுத்தேன். வலது பக்கம் பின்வாசல் படி. படியில் நாற்காலி போட்டு மாமா. பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அதன் மேல் விளிம்பில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் தலையைத் திருப்பும்போதெல்லாம் பேப்பர் மேலே ஏறும். அக்கம்பக்கத்தார் பார்க்கக் கூடாது என்று தம்பி மனைவி கொடியில் ஒரு பெட்ஷீட்டைக் கட்டி மறைத்திருந்தாள். வீட்டுக்குள்ளிருந்து பார்ப்பதற்கு எந்த மறைப்பும் இல்லை. மூச்சு, மாமா, தண்ணீர். மூச்சு, மாமா, தண்ணீர். அந்த முகத்தைப் பார்ப்பதைவிடத் தண்ணீருக்குள் இருப்பது மேல் என்பதாலேயே எனக்கு மூச்சு நீண்டது.

சம்ப்பில் தண்ணீர் இறக்க வந்த லாரிக்காரர் ஒருநாள் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்று நிதானமாக வேடிக்கை பார்த்தார்.

"இன்னாக்கா, மாட்ட கட்டி வுட்டா மாதிரி உன்ன கட்டி வுட்டுகிறாங்க? எவ்ளோ நேரமா பாத்துகினு கீறேன், ஒரு அடி நகரலியே நீ."

"நகந்தா செவுத்துல முட்டிப்பேன்யா."

"அப்போ இன்னாத்துக்குக்கா இந்த நீச்சலு?" என்று சிரித்துக்கொண்டே குழாயைச் சுருட்டினார்.

நல்ல கேள்விதான். அப்போது நான் அவரையும் மனதுக்குள் திட்டினேன். அந்த மாதங்களில் நான் திட்டாத ஆளே கிடையாது.

போட்டியன்று விடிந்தும் விடியாமலும் ஈசிஆர் பக்கத்துக் கடற்கரைக்குப் போனோம். தம்பி, அவன் மனைவி, மாமா எல்லோரும் வந்தார்கள். என்மேல் உள்ள பிரியம் என்று சொல்ல மாட்டேன், திரும்பும் வழியில் ஒரு பெரிய ஹோட்டலில் டிபன் சாப்பிடும் திட்டம் இருந்தது. மாமா காரிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து மணலில் போட்டு உட்கார்ந்தார். பின்வாசல் படியையே பெயர்த்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. கம்பெனிக் கைக்கடிகாரக்காரர்களில் பாதிப் பேருக்கு அன்று காய்ச்சல். வந்த மிச்சப் பேர் கடலைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்கள். எச்ஆர் பெண் வாழைப்பழத் தாரோடு நின்றாள்.

அலையைத் தாண்டி உள்ளே போய், கரைக்கு இணையாகத் தெற்கே நீந்த வேண்டும். மிதக்கும் ஆரஞ்சு நிறப் பந்தைச் சுற்றிக்கொண்டு வடக்கே திரும்பி வர வேண்டும். இவ்வளவுதான்.

முதல் பாதியில் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. கை போட்டேன், நகர்ந்தேன்! இடுப்பில் பட்டை இல்லை, பின்னாலிருந்து யாரும் இழுக்கவில்லை. வலது பக்கம் மூச்செடுத்தால் கரை தெரிந்தது. கரையில் கூட்டம், பனைமரங்கள், நாற்காலியில் புள்ளியாக மாமா. எல்லாம் குளத்தில் இருந்தது போலவே இருந்தது. இவ்வளவு சுலபமா என்று நினைத்தபடி ஆரஞ்சுப் பந்தைச் சுற்றினேன்.

சுற்றியதும் எல்லாம் மாறிவிட்டது. வலது பக்கம் தலையைத் திருப்பினால் கரை இல்லை. கடல், கடல் மட்டும், அதன் மேல் அப்போதுதான் ஏறிய சூரியன். கண் கூசி ஒன்றும் தெரியவில்லை. எங்கே போகிறேன் என்று புரியவில்லை. இடது பக்கம் மூச்செடுக்கப் பார்த்தேன். மாதக்கணக்கில் ஒரு பக்கமே திரும்பிய கழுத்து அந்தப் பக்கம் திரும்ப மறுத்தது. வாய் நிறைய உப்புத் தண்ணீர். இருமினேன், இன்னும் குடித்தேன். அப்போதுதான் உறைத்தது: இத்தனை மாதப் பயிற்சியில் அந்த முதல் நாளைத் தவிர நான் வடக்கே பார்த்து நீந்தியதே இல்லை. ஒரு கிழவரின் திசைகாட்டிக்குப் பயந்து, முக்கால் கிலோமீட்டரில் பாதியை மட்டும் கற்றுக்கொண்டு கடலுக்கு வந்திருக்கிறேன். அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் எனக்குக் கோபம் வந்தது.

பாதுகாப்புக்காகக் கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் சுற்றிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பக்கத்தில் வந்தார். "இன்னா மேடம், முடியலியா? ஏறிக்கிறியா?"

ஏறினால் போட்டி முடிந்தது. வாழைப்பழம் கொடுக்கப் போகலாம். "வேணாம்," என்றேன். பேசுவதற்கே மூச்சு வேண்டியிருந்தது. மூச்சு வாங்க மல்லாந்து மிதந்தேன்.

மல்லாந்ததும் பார்த்தேன். வலது பக்கம் கரை. அதே கூட்டம், அதே பனைமரம், அதே வலது பக்கம். இடது பக்கம் சூரியன். இப்படியே காலை உதைத்துக்கொண்டு போனால் கரையைப் பார்த்தபடியே திரும்பிவிடலாம். உதைக்கக் காலைத் தூக்கியவள் அப்படியே நிறுத்திவிட்டேன். என் தலை வடக்கே இருந்தது.

மல்லாந்து, கையை விரித்து, தலை வடக்கே. அன்று காலை என் கணவர் படுத்திருந்த அதே மாதிரி. ஃபேனுக்குப் பதில் மேலே வானம். பயந்தேன், பொய் சொல்லவில்லை. நெஞ்சு அடிப்பது காதுக்குள் கேட்டது. இதோ நிற்கப்போகிறது, இதோ நிற்கப்போகிறது என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன். அது நிற்கவில்லை. அலை என்னைத் தூக்கியது, இறக்கியது, மறுபடி தூக்கியது. எத்தனையோ இரவு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இப்படித்தானே படுத்திருந்தோம், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றியது. இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? அவர் போனது அவர் இதயத்தால். பீரோவால் இல்லை, கட்டிலால் இல்லை, என்னால் இல்லை. தண்ணீரில் கிடந்தபடியே அழுதேன். உப்போடு உப்பு, யாருக்குத் தெரியப்போகிறது?

பிறகு உதைத்தேன்.

"இன்னா மேடம், படுத்துகினே போறியா?" என்றார் கயாக்குக்காரர்.

"ஆமா. தப்பா?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. போ போ, நான் பக்கத்துலயே வந்துகினு கீறேன்."

மீதித் தூரம் முழுவதும் அப்படியேதான் வந்தேன். சைக்கிளிலும் ஓட்டத்திலும் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குப் பின்னால் வந்தவர்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். ஆனால் முடித்தேன். எச்ஆர் பெண் வாழைப்பழம் நீட்டினாள். வாங்கி, அவள் எதிரிலேயே முழுதாகத் தின்றேன்.

மாமா நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் பெரிய திருப்தி.

"பாத்தியாம்மா? தெக்க பாத்து நீந்துன்னு அன்னிக்கே சொன்னேன். அதான் உன்னக் காப்பாத்திச்சு."

"மாமா, திரும்பி வரும்போது மல்லாந்து படுத்துத்தான் வந்தேன். தலைய வடக்க வச்சு. பந்துலேருந்து கரை வரைக்கும்."

அவர் கடலைப் பார்த்தார். போனை எடுத்துத் திசைகாட்டியையும் பார்த்தார். "கடலுக்கெல்லாம் வாஸ்து கெடையாதும்மா," என்றார்.

என் கணவரைக் கொன்றது நான்தான் என்று ஒரு கூட்டத்தின் நடுவில் சொன்ன வாய் அது. நாலு கைக் குளத்துக்கு உண்டு, கடலுக்குக் கிடையாதாம். இந்த மனிதரின் பேச்சையா இத்தனை வருடம் சுமந்தேன்? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

டிபனை முடித்துக்கொண்டு மதியம் வீடு வந்து சேர்ந்தோம். தம்பியை மாடிக்குக் கூப்பிட்டேன். கட்டிலின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னேன்.

"எந்தப் பக்கம்க்கா?"

"தலைமாடு வடக்க."

அவன் கையை எடுத்துவிட்டான். "அக்கா, மாமா எதுனா சொல்லுவாரு."

"அன்னிக்கு மேனாம்பேட்ல சொன்னப்போ நீ வாயத் தொறக்கலல்ல? இன்னிக்கும் தொறக்காத. தூக்கு."

தம்பி என்னைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு பேருமாகத் தூக்கித் திருப்பிப் போட்டோம். அவன் இறங்கிப் போன பிறகு கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, மல்லாந்து படுத்தேன். தோள் இரண்டும் வலித்தன. எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

"அண்ணி, காபி ஆறுது," என்று கீழேயிருந்து தம்பி மனைவி கூப்பிட்டாள். எழுந்தேன்.